வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளைகள்: ஒவ்வாமையும் அடினொயிட் வீக்கமும்

"பிள்ளைக்கு மாதம் முழுக்கத் தடிமன். மருந்து குடித்தால் நாலு நாள் சுகம். பிறகு பழையபடி மூக்கடைப்பு."

கண்டியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் சிறுவர்களை வைத்தியரிடம் கூட்டிச் செல்லும் பெற்றோர் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்கான தும்மல், இரவில் குறட்டை, எந்த நேரமும் திறந்திருக்கும் வாய், வகுப்பில் தூங்கி வழிதல் என்று பட்டியல் நீளும். கண்டிக் குளிர், ஐஸ்கிரீம், தலைக்கு வார்த்த தண்ணீர் என்று காரணம் தேடுவார்கள். வடக்கு கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் "இந்த ஊர்த் தண்ணி பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள்.

பல பிள்ளைகளில் உண்மைக் காரணம் இரண்டு. ஒன்று மூக்கு ஒவ்வாமை. மற்றது மூக்கின் பின்புறத்தில் இருக்கும் அடினொயிட் என்ற சதை வீங்கியிருப்பது. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. இவை பெரும்பாலும் உயிராபத்தானவை அல்ல. ஆனால் கவனியாமல் விட்டால் பிள்ளையின் நித்திரை, கேட்கும் திறன், படிப்பு, பல்வரிசை என்று பலவற்றைப் பாதிக்கக்கூடியவை.

அடினொயிட் என்றால் என்ன?

வாயைத் திறந்து பார்த்தால் தொண்டையின் இரு பக்கமும் தெரிபவை டொன்சில்கள். அடினொயிட் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. மூக்குத் துவாரங்கள் உள்ளே சென்று தொண்டையைச் சந்திக்கும் இடத்தில், அண்ணத்துக்கு மேலே மறைவாக இருக்கிறது. டொன்சிலைப் போலவே இதுவும் நிணநீர்த் திசு. மூக்கின் வழியாக வரும் கிருமிகளை உடலின் எதிர்ப்புச் சக்திக்கு அறிமுகம் செய்து வைக்கும் காவலரண் என்று சொல்லலாம்.

இதன் வீக்கத்தால் பிள்ளைகள் படும் பாட்டை 1868ஆம் ஆண்டில் முதன்முதலில் விரிவாக எழுதியவர் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேயர் என்ற வைத்தியர். காது கேளாமை என்று வந்த பிள்ளைகள் பலரில் உண்மையான பிரச்சினை மூக்கின் பின்னால் இருப்பதை அவர் கண்டுகொண்டார். இன்றைக்கும் அதே நிலைதான். காதுக்கென்று கொண்டுவரும் பிள்ளையின் நோய் மூக்கில் இருக்கலாம்.

பிறந்த பின் அடினொயிட் படிப்படியாக வளர்கிறது. சுமார் 3 முதல் 7 வயது வரை அது பெரிதாக இருக்கும். பிறகு சுருங்கத் தொடங்கிப் பதின்ம வயதில் பெரும்பாலும் மறைந்துவிடும். எனவே அடினொயிட் பெரிதாக இருப்பது மட்டுமே நோய் அல்ல. அது மூச்சு வழியை அடைக்கிறதா, காதைப் பாதிக்கிறதா என்பதே கேள்வி.

ஒவ்வாமை எப்படிச் சேர்ந்துகொள்கிறது?

தூசி, பூஞ்சணம், மகரந்தம், பூனை நாயின் உடற்செதில் போன்றவை பெரும்பாலானோருக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. சிலரின் உடல் அவற்றை எதிரி என்று தவறாகக் கணித்துச் சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டையில் வெளிப்படும் ஹிஸ்டமின் போன்ற இரசாயனங்களால் மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. தும்மல், அரிப்பு, தண்ணீராக ஓடும் மூக்கு எல்லாம் இதனால்தான்.

இது பரம்பரையோடும் தொடர்புடையது. பெற்றோரில் ஒருவருக்கு முட்டு, கரப்பன், மூக்கு ஒவ்வாமை ஏதாவது இருந்தால் பிள்ளைக்கும் வரும் சாத்தியம் கூடுகிறது. இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். கைக்குழந்தையாக இருக்கும்போது கரப்பன், பிறகு முட்டு, பள்ளி வயதில் மூக்கு ஒவ்வாமை என்று ஒரே பிள்ளையில் இவை அடுத்தடுத்துத் தலைகாட்டுவதும் உண்டு.

தடிமனையும் ஒவ்வாமையையும் எப்படிப் பிரித்தறிவது? தடிமன் ஒரு கிழமை அல்லது பத்து நாளில் ஓயும். காய்ச்சல், உடல் உளைச்சல் இருக்கலாம். ஒவ்வாமை வாரக்கணக்கில் நீடிக்கும், காய்ச்சல் இராது. மூக்கும் கண்ணும் அரிக்கும். சளி தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்ப்பது இந்தப் பிள்ளைகளின் வழக்கம். அதனால் மூக்கின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையமும் தெரியும்.

மூக்கின் முன்பகுதியை ஒவ்வாமையும் பின்பகுதியை அடினொயிட்டும் அடைத்துக்கொண்டால் பிள்ளைக்கு மூச்சு விட வாய்தான் மிச்சம்.

கண்டியின் காற்று

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம் போல அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் ஹந்தானை மலைத்தொடர், இன்னொரு பக்கம் உடவத்தகெலே வனம். பார்ப்பதற்கு அழகான இந்த அமைப்பே காற்றுக்குத் தடையாகிறது. காற்றோட்டம் குறைந்த குளிர்ந்த காலை வேளைகளில் வாகனப் புகை மேலெழுந்து கலைய வழியின்றிப் பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பாடசாலைகள் தொடங்கும் நேரமும் அதுதான். நகரத்தின் பெரிய பாடசாலைகள் பல பிரதான வீதிகளை ஒட்டியே இருக்கின்றன.

இந்த நெரிசலுக்குள் போரின் தடம் ஒன்றும் இருக்கிறது. 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை மீது நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு மாளிகைக்கு முன்னால் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அந்த வாகனங்கள் வாவியைச் சுற்றிச் செல்லும் வீதிக்குத் திரும்பின. போர் முடிந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்த வீதியைத் திறப்பதா வேண்டாமா என்ற விவாதம் எழுந்தபோதெல்லாம் நகரின் நெரிசலும் காற்று மாசும் சேர்ந்தே பேசப்பட்டன.

காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களை பிஎம் 2.5 என்பார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இவற்றின் வருடாந்தச் சராசரி ஒரு கனமீற்றரில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. இலங்கையின் சட்ட எல்லையோ 25. அதாவது சட்டப்படி சரியான காற்றுக்கூட உலக அளவுகோலின் ஐந்து மடங்கு மாசை அனுமதிக்கிறது. புகை மட்டும் ஒவ்வாமையை உருவாக்கிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்கனவே வீங்கியிருக்கும் மூக்கையும் சுவாசக் குழாயையும் அது இன்னும் எரிச்சலூட்டும். ஒவ்வாமையுள்ள பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்படும்.

லயன் அறைக்குள் இருக்கும் புகை

நகரை விட்டு வெளியே கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புசல்லாவை, மடுல்கலை என்று தோட்டப் பகுதிகளுக்குப் போனால் வெளிக்காற்று சுத்தம். பிரச்சினை வீட்டுக்குள் இருக்கிறது. ஒரு குடும்பம் முழுவதும் வாழும் சிறிய லயன் அறைகளில் சமையலும் படுக்கையும் சில அடி தூரத்தில்தான். விறகடுப்புப் புகை வெளியேற வழியில்லை. மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் படர்கிறது. ஒரே பாயில் நான்கைந்து பேர் படுக்கும்போது ஒருவரின் தடிமன் எல்லோருக்கும் பரவுகிறது. அடிக்கடி வரும் தொற்று அடினொயிட்டை இன்னும் பெருக்க வைக்கிறது.

1977, 1983 வன்செயல்களில் இங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய மலையகக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முகாம்களிலும் தகரக் கொட்டில்களிலும் இதே புகையையும் நெரிசலையும் கண்டார்கள். வடக்கில் வசிப்பவர்களுக்கு இன்னொரு எதிரி பாத்தீனியச் செடி. அதன் மகரந்தமும் காய்ந்த துகளும் தோலிலும் மூக்கிலும் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடியவை.

நுளம்புத்திரியை மறந்துவிடக்கூடாது. ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவை மூடிக்கொண்டு பிள்ளையின் தலைமாட்டில் அதைக் கொளுத்தி வைப்பது நல்லதல்ல. நுளம்பு வலையே சிறந்தது.

பயம் என்று நினைப்பது மூச்சாக இருக்கலாம்

போரைக் கடந்து வந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விடயம் இது. பிள்ளை இரவில் திடுக்கிட்டு விழிக்கிறது. வியர்த்து ஊற்றுகிறது. படுக்கையில் சிறுநீர் கழிக்கிறது. பகலில் எரிந்து விழுகிறது, பாடத்தில் மனம் பதியவில்லை. இவற்றைக் காணும் பெற்றோர் தங்கள் அனுபவத்தை வைத்தே அதற்குப் பொருள் தேடுகிறார்கள். ஷெல் சத்தத்தில் வளர்ந்த தாய்க்கு, பிள்ளை அலறி விழிப்பது பயமாகத்தான் தெரியும். நூல் கட்டுவதும் பார்வை பார்ப்பதும் நடக்கும். இன்னும் சிலர் "எங்களுக்கு நடந்ததுதான் பிள்ளையையும் பிடித்திருக்கிறது" என்று தங்களையே நொந்துகொள்வார்கள்.

மனக்காயம் உண்மையானது. அதற்கு உதவி தேட வேண்டும். ஆனால் இதே அறிகுறிகள் எல்லாம் தூக்கத்தில் மூச்சு அடைபடுவதாலும் வரும். அடினொயிட்டும் டொன்சிலும் பெரிதாக இருக்கும் பிள்ளை ஆழ்ந்து தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி மூடிக்கொள்கிறது. சில விநாடிகள் மூச்சு நிற்கிறது. மூளை பதறிப்போய்ப் பிள்ளையை எழுப்புகிறது. ஓர் இரவில் இது பலமுறை நடந்தால் எத்தனை மணித்தியாலம் படுத்தும் பிள்ளை தூங்கியதாகாது. பெரியவர்கள் தூக்கம் குறைந்தால் சோர்ந்து போவார்கள். பிள்ளைகளோ பெரும்பாலும் துருதுருவென்று அமைதியின்றி இருப்பார்கள். அதனால் "குழப்படிக்காரன்" என்ற பெயர் கிடைக்கிறது.

காதும் அப்படியே. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாயின் வாயை அடினொயிட் அடைத்தால் செவிப்பறைக்குப் பின்னால் பிசின் போன்ற நீர் தேங்கும். வலி இராது, சீழ் வராது. கேட்பது மட்டும் மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டும் பிள்ளை, சொல்வதெழுதுதலில் பிழைவிடும் பிள்ளை சொல்வழி கேளாத பிள்ளை அல்ல. அதற்குக் கேட்கவில்லை. வகுப்பறையில் பின்வாங்கும் பிள்ளையை மொட்டு என்று ஒதுக்குவதற்கு முன் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

எப்போது வைத்தியரிடம் காட்ட வேண்டும்?

தடிமன் இல்லாத நாட்களிலும் கிழமையில் மூன்று இரவுகளுக்கு மேல் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று பின்னர் திணறி விழித்தல், கழுத்தைப் பின்னால் வளைத்தோ குந்தியபடியோ தூங்குதல், எப்போதும் வாயால் மூச்சு விடுதல், மூக்கடைத்த குரல், அடிக்கடி காதுக்குத்து அல்லது காது மந்தம், எடை கூடாமை, நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள்.

இரண்டு விடயங்களில் தாமதம் கூடாது. ஒரு மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி வந்தால் பிள்ளை மணி, விதை, பஞ்சு எதையாவது உள்ளே தள்ளியிருக்கலாம். அதுவே சிறிய பற்றரியாக இருந்தால் சில மணித்தியாலங்களுக்குள் மூக்கின் உட்பகுதியை அரித்துவிடும். பதின்ம வயது ஆண் பிள்ளைக்கு மூக்கடைப்போடு அடிக்கடி இரத்தமும் வடிந்தால் அதை அடினொயிட் என்று எண்ணி இருந்துவிடாமல் நிபுணரிடம் காட்ட வேண்டும்.

கண்டியில் தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை, பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை ஆகியவை அரச வைத்தியசாலைகள். சிகிச்சை இலவசம். வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் அங்கிருந்து சிறுவர் அல்லது காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அனுப்புவார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் கடிதம் பெற்றுச் செல்லலாம்.

போகும்போது கைத்தொலைபேசியில் பிள்ளை தூங்குவதை ஓரிரு நிமிடம் ஒளிப்பதிவு செய்துகொண்டு போங்கள். மார்பு தெரியும்படியும் சத்தம் கேட்கும்படியும் எடுங்கள். பத்து நிமிட விளக்கத்தைவிட அந்தப் பதிவு வைத்தியருக்கு அதிகம் சொல்லும். மொழி தடையாக இருக்கும் இடத்திலும் அது பேசும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. மொழிபெயர்க்க ஆள் இல்லாத நேரத்தில் சில சிங்களச் சொற்கள் கைகொடுக்கும்: குறட்டை விடுவது "கொரவனவா", மூச்சு அடைபடுவது "ஹுஸ்ம ஹிரவெனவா", மூக்கு "நஹய", காது "கன".

வைத்தியர் மூக்கு, தொண்டை, காதுகளைப் பார்த்தபின் தேவைப்பட்டால் கழுத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுப்பார். அல்லது மெல்லிய கமரா குழாயை மூக்கினுள் செலுத்திப் பார்ப்பார். கேட்கும் திறன் பரிசோதனையும் நடக்கும்.

மருந்துகள்

முதற் சிகிச்சை உப்பு நீர். கொதிக்க வைத்து ஆறிய ஒரு கோப்பை நீரில் கால் முதல் அரைத் தேக்கரண்டி அயடின் சேராத உப்பைக் கரைத்துச் சில துளிகள் மூக்கில் விடலாம். கொதிக்காத நீரைப் பாவிக்க வேண்டாம். தினமும் புதிதாகத் தயாரியுங்கள்.

அடுத்தது மூக்கில் அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்ப்ரே. மொமெட்டசோன், புளூட்டிக்கசோன் போன்றவை. ஸ்டீரொயிட் என்றதும் பயப்படுவோர் பலர். வைத்தியர் சொன்ன அளவில் மூக்கில் அடிக்கும்போது உடலுக்குள் செல்லும் அளவு மிகக் குறைவு. ஆயினும் மாதக்கணக்கில் பாவிக்கும் பிள்ளையின் உயரத்தைக் கிளினிக்கில் அளந்து பார்ப்பது நல்லது. இது ஒவ்வாமையைத் தணிப்பதோடு அடினொயிட்டையும் ஓரளவு சுருக்குகிறது. ஆனால் ஒரு நாளில் பலன் தெரியாது. தினமும் சில கிழமைகள் அடிக்க வேண்டும். மூன்றாம் நாள் "சரிவரவில்லை" என்று நிறுத்திவிடுவதே பலருக்குப் பலன் கிடைக்காமைக்குக் காரணம். அடிக்கும்போது பிள்ளையின் தலை சற்று முன்னால் குனிந்திருக்கட்டும். ஸ்ப்ரேயின் நுனி மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் வெளிப்பக்கம், அதாவது அதே பக்கக் காதை நோக்கி இருக்கட்டும்.

அரிப்புக்கும் தும்மலுக்கும் செட்டிரிசின், லொராட்டடின் போன்றவை உதவும். பிரிற்றோன் என்று அறியப்படும் பழைய குளோர்பெனிரமின் மலிவானது. ஆனால் தூக்கத்தை வரவழைக்கும். பாடசாலை செல்லும் பிள்ளைக்கு நீண்ட காலம் உகந்ததல்ல.

சில எச்சரிக்கைகள். மூக்கடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின் துளிகளை 5 நாட்களுக்கு மேல் பாவித்தால் அடைப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பும். மொன்டெலுகாஸ்ட் மாத்திரை குடிக்கும் பிள்ளைக்குக் கெட்ட கனவு, கோபம், மனச்சோர்வு தெரிந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுபற்றித் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. பழைய துண்டைக் காட்டி பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்க வேண்டாம். ஒவ்வாமைக்கும் வைரசுத் தடிமனுக்கும் அது எந்தப் பயனும் தராது.

சத்திரசிகிச்சை எப்போது?

தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், மருந்துக்குக் குறையாத அடைப்பு, மாதக்கணக்கில் காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைதல் ஆகிய நிலைகளில் அடினொயிட்டை அகற்றுவது பற்றி நிபுணர் பேசுவார். முழு மயக்கத்தில் வாய் வழியாகச் செய்யப்படும் சிறிய சத்திரசிகிச்சை இது. வெளியே தழும்பு இராது. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். டொன்சிலையும் சேர்த்து அகற்றினால் நோவும் இரத்தப்போக்கு அபாயமும் கூடும்.

எல்லாப் பிள்ளைக்கும் இது அவசரமில்லை. அமெரிக்காவில் மூச்சுத் தடையுள்ள 5 முதல் 9 வயதுச் சிறுவர்கள் 464 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், அடினொயிட்டையும் டொன்சிலையும் அகற்றியவர்களில் 79 சதவீதமானோருக்கு 7 மாதத்தில் தூக்கப் பரிசோதனை சீரானது. காத்திருந்து கவனிக்கப்பட்டவர்களிலும் 46 சதவீதமானோருக்குத் தானாகவே சீரானது. எனினும் சத்திரசிகிச்சை செய்தோரின் நடத்தையும் அறிகுறிகளும் கூடுதலாகத் திருந்தின. இன்னொரு பக்கம், டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் சிறுவர்களின் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, இவற்றை அகற்றியவர்களில் பிற்காலத்தில் சுவாச நோய்கள் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சொன்னது. அகற்றியதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. தேவையுள்ள பிள்ளைக்குத் தள்ளிப்போடக்கூடாது, தேவையில்லாத பிள்ளைக்குச் செய்யக்கூடாது என்பதே இவற்றின் சாரம்.

சத்திரசிகிச்சைக்கு முன் பிள்ளைக்குக் காய்ச்சல், சளி, ஆடும் பல், எளிதில் இரத்தம் கசியும் தன்மை, பிளந்த அண்ணம் எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பின்னர் சில நாட்கள் வாய் நாற்றமும் குரல் மாற்றமும் இருப்பது வழமை. நோவுக்குப் பரசிட்டமோல் போதும். கொடீன் கலந்த மருந்து கூடாது. வாயிலோ மூக்கிலோ சிவந்த இரத்தம் வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு அடினொயிட்டை அகற்றினாலும் ஒவ்வாமை போகாது. ஸ்ப்ரே தொடர வேண்டியிருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

கண்டி போன்ற ஈரமான ஊரில் முதல் எதிரி தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இது மெத்தையிலும் தலையணையிலும் வாழ்ந்து நம் தோற்செதிலைத் தின்கிறது. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒருமுறை நன்றாகச் சூடான நீரில் துவையுங்கள். வெயில் காணும் நாளில் மெத்தையையும் பாயையும் வெளியே போட்டுக் காய வையுங்கள். பழைய தும்பு மெத்தை, இலவம்பஞ்சுத் தலையணை, பொம்மைக் குவியல் பிள்ளையின் படுக்கையில் வேண்டாம். தும்புத்தடியால் கூட்டித் தூசி எழுப்பாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

ஈரத் துணிகளை அறைக்குள் காயப்போடாதீர்கள். காலையில் சன்னலைத் திறவுங்கள். வீடு பிரதான வீதியோரம் என்றால் நெரிசல் குறைந்த நேரத்தில் திறவுங்கள். விறகடுப்பு எரியும்போது பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டாம். ஓர் ஓட்டை ஓடு அல்லது புகைக்கூண்டு கூடப் பெரிய வித்தியாசம் தரும். சாம்பிராணி, ஊதுபத்திப் புகை பிள்ளை படுக்கும் அறைக்குள் வேண்டாம். வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது. உணவைப் பொறுத்தவரை, குறித்த உணவு தின்றதும் தடிப்போ வாந்தியோ முட்டோ வந்தாலன்றி முட்டை, பால், வாழைப்பழம் என்று எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். சத்தின்றிப் பிள்ளை இளைத்துப்போவதே மிச்சமாகும்.

பிள்ளை மூச்சு விட முடியாமல் விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினால், உதடு நீலமானால், எழுப்ப முடியாதபடி சோர்ந்தால், உணவோ மருந்தோ உட்கொண்டதும் முகமும் நாக்கும் வீங்கினால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். தமிழிலும் பேசலாம்.

இன்றிரவு பிள்ளை தூங்கிய பிறகு ஐந்து நிமிடம் பக்கத்தில் இருந்து அதன் மூச்சைக் கேளுங்கள். வாய் மூடியிருந்து மூச்சு சத்தமின்றிச் சீராக வந்தால் நிம்மதியாகப் படுங்கள். இல்லையென்றால் தொலைபேசியை எடுத்துப் பதிவு செய்யுங்கள். காலையில் கிளினிக்குக்குப் புறப்படும்போது அதுவும் உங்கள் கையில் இருக்கட்டும்.